ஆழ்வார்பேட்டை ஓப்பனிங்!

ஆழ்வார்பேட்டைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமா ரசிகர்னா 'ஆண்டவர்'. பக்திமான்னா ஆஞ்சநேயர் கோயில். டிசம்பர் மாசத்துல பாட்டியைக் கச்சேரிக்குள்ளே உட்கார வெச்சிட்டு, சபா கேன்டீன்ல ரவா தோசை வெட்டுற பார்ட்டின்னா நாரத கான சபா. எனக்கும் போன வருஷம் வரைக்கும் அவ்வளவுதான். இப்போ ஆழ்வார்பேட்டைன்னா எனக்கு ஞாபகம் வர்றது ஒரு வரிசை. ரேஷன் கடை வரிசை இல்ல, தியேட்டர் வரிசை இல்ல. செஸ் ஆட்டத்துல தோத்தவங்க எழுந்துபோய்க் கடைசியில நின்ன வரிசை.

அந்த வரிசையைத் தேடி நான் ஏன் போனேன்னு சொல்லணும்னா, முதல்ல நான் வாங்கின பல்பைப் பத்திச் சொல்லியாகணும்.

அஞ்சாவது மூவ்ல அவுட்!

எங்க காலேஜ் செஸ் டீம்ல ஒரு ஆள் குறைஞ்சுது. "காய் நகர்த்தத் தெரியும்ல, வா"ன்னு என்னை இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. போட்டிக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. செஸ்ல ஆரம்ப மூவ்களை 'ஓப்பனிங்'னு சொல்வாங்க, அதைப் படிச்சா பாதி ஜெயிச்ச மாதிரின்னு யாரோ சொன்னாங்க. அவ்வளவுதானே? செமஸ்டருக்கு முந்தின ராத்திரி அஞ்சு யூனிட்டை முடிக்கிற நமக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா? 'ஸ்பானிஷ்' என்கிற ஓப்பனிங்கை எடுத்து, பன்னிரண்டு மூவ் வரைக்கும் அப்படியே மக்கப் அடிச்சேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

போட்டி அன்னிக்கு எனக்கு வெள்ளைக் காய். ராஜாவுக்கு முன்னால இருக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினேன். எதிரே இருந்தவர் அதேபோல ராஜா முன்னால இருக்கிற சிப்பாயைத் தள்ளணும். என் நோட்ஸ்ல அப்படித்தான் இருந்தது. அவரோ பக்கத்துல இருக்கிற வேற ஒரு சிப்பாயைத் தள்ளினார். அதுக்குப் பேரு 'சிசிலியன்'. ஸ்பானிஷ் பரீட்சைக்குப் போன எனக்கு சிசிலியன் கொஸ்டின் பேப்பர்!

என்ன பண்றது? அரியர் பேப்பர்ல பண்ற அதே வேலையைப் பண்ணினேன். தெரிஞ்ச பதிலையே எழுதிட்டு வந்தேன். ரெண்டாவது மூவ் குதிரை, மூணாவது மூவ் பிஷப், அவர் ஒரு சிப்பாயை வெச்சு பிஷப்பை விரட்டினார். நோட்ஸ்ல போட்டிருந்த மாதிரியே பிஷப்பைப் பின்னால இழுத்தேன். மறுபடி விரட்டினார். மறுபடி இழுத்தேன். அப்புறம் அவர் ஒரு சிப்பாயைத் தள்ளிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிச்சார். என் பிஷப் போக இடமே இல்லாம நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. ஆட்டம் ஆரம்பிச்சு அஞ்சே மூவ்.

அதுக்கப்புறம் நடந்ததை விட்டுடலாம்.

வெளியே வந்ததும் எங்க சீனியர் அண்ணா பிடிச்சுக்கிட்டார். அவர் ரேட்டிங் வாங்கின பிளேயர்.

"டேய், பிஷப்பை ஏன்டா அங்கே இழுத்தே?"

"புக்ல அப்படித்தாண்ணா போட்டிருந்தது."

"எந்த புக்ல?"

"ஸ்பானிஷ் புக்ல."

"அவர் ஆடினது ஸ்பானிஷாடா?"

பதில் இல்ல. அண்ணா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துட்டு, "சனிக்கிழமை சாயந்திரம் ஃப்ரீயா இரு. ஆழ்வார்பேட்டை போலாம்"னு மட்டும் சொன்னார்.

கஸ்தூரி ரங்கன் சாலையில...

டி.டி.கே. சாலைப் பக்கம் பஸ்ஸைவிட்டு இறங்கினா அதே ஹார்ன், அதே டிராஃபிக். கஸ்தூரி ரங்கன் சாலைக்குள்ளே திரும்பினதும் சத்தம் கொஞ்சம் குறைஞ்சுது. அங்கே ரஷ்யப் பண்பாட்டு மையத்துக்கு முன்னால கொண்டுபோய் அண்ணா என்னை நிறுத்தினார். இப்போ 'ரஷ்யன் ஹவுஸ்'னு சொல்றாங்க. 1991-ல சோவியத் யூனியன் உடையறதுக்கு முன்னால அது சோவியத் கலாசார மையம்.

"இதுதான்டா இந்திய செஸ்ஸோட எல்.கே.ஜி."ன்னார் அண்ணா.

1972. அமெரிக்காவோட பாபி ஃபிஷரும், ரஷ்யாவோட போரிஸ் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்துல மோதி, உலகமே செஸ் ஜுரத்துல இருந்த வருஷம். அதே வருஷத்துல சென்னையில, சோவியத் கலாசார மையத்துல, ஒரு செஸ் கிளப் ஆரம்பமானது. பேரு மிகைல் தால் செஸ் கிளப். 1960-ல, 23 வயசுல உலக சாம்பியன் ஆன சோவியத் வீரரோட பேரு. ராணியையே தூக்கிக் கொடுத்துட்டு எதிராளியோட ராஜாவைத் துரத்துற அதிரடிப் பார்ட்டி அவர்.

கிளப்பை ஆரம்பிச்சவர் மானுவல் ஆரோன். ஆனந்துக்கு முன்னாடி இந்திய செஸ்ல யாரு இருந்தாங்கன்னு கேட்டா சொல்ல வேண்டிய பேர் இது. 1961-ல இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். ஒன்பது தடவை தேசிய சாம்பியன். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது வாங்கின முதல் ஆள். 1960-ல லைப்ஸிக் ஒலிம்பியாட்டுல, முன்னாள் உலக சாம்பியன் மேக்ஸ் யூவேயைச் சாய்ச்சவர். அந்த மனுஷன், 'நான் ஜெயிச்சுட்டேன், போதும்'னு உட்காராம, அடுத்தவங்க ஆட ஒரு இடத்தைப் பிடிச்சுக் கொடுத்தார்.

அந்த இடத்துக்கு ஒரு சின்னப் பையன் வந்தான். ஆறு வயசுல அம்மா சுசீலாகிட்ட காய் நகர்த்தக் கத்துக்கிட்டவன். நடுவுல அப்பா வேலைக்காகக் குடும்பத்தோட ஃபிலிப்பைன்ஸ் போனாங்க. அங்கே டி.வி-யில பகல் நேரத்துல செஸ் புதிர் வரும். பையன் ஸ்கூல்ல இருப்பான். அம்மா அதை எழுதி வைப்பாங்க. சாயந்திரம் ரெண்டு பேரும் உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பாங்க. திரும்பி சென்னை வந்ததும் மறுபடி தால் கிளப். பேரு... விஸ்வநாதன் ஆனந்த்!

தோத்தா வரிசை!

தால் கிளப்ல சாயந்திரமானா 'பிளிட்ஸ்' நடக்கும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஆளுக்குச் சில நிமிஷம்தான். கிளப்போட சட்டம் சிம்பிள். ஜெயிச்சவர் நாற்காலியிலேயே இருக்கலாம். தோத்தவர் எழுந்து வரிசையோட கடைசிக்குப் போகணும். மறுபடி தன் முறை வர்ற வரைக்கும் வேடிக்கைதான்.

நம்ம தெருவுல ஒரே கேரம் போர்டை வெச்சுக்கிட்டு எட்டுப் பேர் ஆடுவோமே, அதே சிஸ்டம். ஆனா இதுக்குள்ளே ஒரு பெரிய யுனிவர்சிட்டியே இருக்குன்னு அண்ணா சொன்னார்.

"யோசிச்சுப் பாரு. நீ ஒரு ஓப்பனிங் ஆடுறே. தப்புப் பண்றே. பத்து நிமிஷத்துல தோத்துடறே. வரிசையில போய் நிக்கிறே. அங்கே உனக்கு வேற வேலை என்ன? 'எங்கேடா தப்புப் பண்ணினோம்'னு மண்டைக்குள்ளே ஓடிட்டே இருக்கும். உனக்கு முன்னாடி நிக்கிறவன் அதே ஓப்பனிங்கை ஆடும்போது கண்ணைக் கொட்டாமப் பார்ப்பே. உன் முறை வந்ததும் அந்த ஒரு தப்பை மட்டும் பண்ண மாட்டே. வேற தப்புப் பண்ணுவே. மறுபடி வரிசை. ஒரு சாயந்திரத்துல பத்துப் பாடம். அதுக்குப் பேரு மக்கப் இல்லடா."

ஆனந்த் மின்னல் வேகத்துல ஆடுறதுக்குப் பேர் போனவர். அந்த வேகம் ஊறினதுல இந்த பிளிட்ஸ் சாயந்திரங்களுக்குப் பங்கு உண்டு. 16 வயசுல தேசிய சாம்பியன். 1987-ல ஜூனியர் உலக சாம்பியன். 1988-ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர். அப்புறம் அவர் நம்மளை மாதிரியே லயோலாவுல பி.காம். படிச்ச காலேஜ் ஸ்டூடன்ட்!

டீக்கடை கிளாஸ்

பக்கத்துத் தெருவுல ஒரு டீக்கடை. ரெண்டு டீ சொல்லிட்டு, அண்ணா பையிலேர்ந்து ஒரு சுருட்டுற போர்டை எடுத்து பெஞ்சுல விரிச்சார். இனி வர்றது உங்களுக்கும் சேர்த்துத்தான், பாஸ். ஒரு போர்டு பக்கத்துல இருந்தா எடுத்து வெச்சுக்குங்க.

முதல்ல கட்டங்களுக்குப் பேர். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தா, இடமிருந்து வலமா ஏ முதல் ஹெச் வரை எட்டு எழுத்து. நம்ம பக்கத்துலேர்ந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8. சினிமா தியேட்டர் சீட் நம்பர் மாதிரி. ராஜா முன்னால இருக்கிற சிப்பாய் ரெண்டு கட்டம் போனா அது நிக்கிற இடம் இ4. அவ்வளவுதான்.

"எந்த ஓப்பனிங்கா இருந்தாலும் நாலே வேலை"ன்னு அண்ணா விரலை மடக்கினார். ஒண்ணு, பலகையோட நடுவுல ஒரு சிப்பாயை நிறுத்தி இடம் பிடி. நடுவுல நிக்கிற காய்க்குத்தான் எல்லாப் பக்கமும் வழி. ரெண்டு, குதிரையையும் பிஷப்பையும் சீக்கிரம் வெளியே கொண்டு வா. மூணு, ராஜாவைக் 'கேஸ்லிங்' பண்ணி ஓரமாப் பத்திரப்படுத்து. நாலு, காரணமில்லாம ஒரே காயை ரெண்டு தடவை நகர்த்தாதே, ராணியை முதல்லயே ஊர் சுத்த அனுப்பாதே.

ராணி விஷயத்துல எனக்கு ஒரு டவுட். ஸ்கூல்ல ஒரு பையன் பிஷப்பையும் ராணியையும் வெச்சு நாலே மூவ்ல எல்லாரையும் மேட் பண்ணுவானே? அண்ணா அதையும் போட்டுக் காட்டினார். எஃப்7-ல இருக்கிற கறுப்புச் சிப்பாய்க்கு ஆரம்பத்துல ராஜா மட்டும்தான் காவல். அதைக் குறிவெச்சு பிஷப் சி4-க்கும், ராணி ஹெச்5-க்கும் வரும். பயப்படாம ஜி6-க்கு ஒரு சிப்பாயைத் தள்ளினா ராணி பின்வாங்கணும். உடனே குதிரையை எஃப்6-க்குக் கொண்டு வந்துட்டா, அந்த வித்தை முடிஞ்சுது. ராணி ஓடி ஒளியிற நேரத்துல, கறுப்புக் காய் ஒவ்வொண்ணா வெளியே வந்து நிக்கும்.

"சரி, இப்ப உன் கேஸ்"னு காய்களை மறுபடி அடுக்கினார்.

ஸ்பானிஷ். 1561-ல இதைப் பத்தி ஒரு புத்தகத்துல எழுதினவர் ரூய் லோபஸ் என்கிற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார். அதனால இதுக்கு அவர் பேரும் உண்டு. வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து இ5 சிப்பாயைத் தாக்குது. கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து அதைக் காப்பாத்துது. வெள்ளை பிஷப் பி5-க்குப் போகுது.

"ஏன் போகுது?"ன்னார் அண்ணா.

நான் முழிச்சேன். மூணு நாள் உருப்போட்ட மூவ், ஏன்னு ஒரு தடவைகூட நான் கேட்டுக்கலை.

"சிப்பாய்க்குக் காவல் அந்தக் குதிரை. காவலாளியை மிரட்டினா சிப்பாயும் பயப்படும். அதான். இப்ப கறுப்பு ஏ6-ல சிப்பாயைத் தள்ளி பிஷப்பை விரட்டுது. பிஷப் ஏ4-க்குப் பின்வாங்குது. மிரட்டல் அப்படியே இருக்கு. கறுப்பு பி5. பிஷப் பி3. தொந்தரவில்ல. ஏன்னா, இன்னும் துரத்தணும்னா கறுப்புக்கு சி-வரிசை சிப்பாய் வேணும். அதுக்கு முன்னாடி குதிரை குறுக்கே நிக்குது. சிப்பாய் சி7-லயே மாட்டிக்கிட்டிருக்கு. பிஷப்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்குது."

அடுத்து சிசிலியன். வெள்ளை இ4, கறுப்பு சி5. அதாவது அந்த சி-வரிசை சிப்பாய் முதல் மூவ்லயே வெளியே வந்தாச்சு. குதிரை வர்றதுக்கு முன்னாலேயே அது ரெண்டு கட்டம் தாண்டி நிக்குது. இப்ப நான் பண்ணினதைப் பாருங்க. குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6, பிஷப் பி5, கறுப்பு ஏ6, பிஷப் ஏ4, கறுப்பு பி5, பிஷப் பி3, கறுப்பு... சி4!

பிஷப்புக்கு முன்னால ஒரு பக்கம் கறுப்புச் சிப்பாய், இன்னொரு பக்கம் கறுப்புச் சிப்பாயோட காவல். பின்னால ரெண்டு பக்கமும் என்னோட சிப்பாய்களே. ஒரு சிப்பாயை எடுத்துக்கிட்டுச் சாகிறதைத் தவிர வேற வழி இல்ல.

"ஒரு சிப்பாய், ஒரே ஒரு சிப்பாய் இடம் மாறியிருக்கு. அதுவரைக்கும் சரியா இருந்த மூவ் தற்கொலையா மாறிடுச்சு. இன்னொண்ணு தெரியுமா? சிசிலியன்ல நீ பிஷப்பை பி5-க்கு ஆடினது தப்பே இல்ல. அது நிஜமாவே ஒரு ஓப்பனிங். பேரு ரோஸோலிமோ. பெரிய ஆளுங்கல்லாம் ஆடுறாங்க. ஏ6 வந்ததும் பின்வாங்காம, பிஷப்பால குதிரையை எடுத்திருக்கணும். அவரோட சிப்பாய்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நின்னிருக்கும். நீ ஜம்முனு ஆடியிருக்கலாம்."

டீ ஆறிப்போச்சு. மூணாவது மூவ் வரைக்கும் நான் தெரியாமலே நல்லா ஆடியிருக்கேன். நாலாவது மூவ்ல என்னைத் தோற்கடிச்சது என்னோட நோட்ஸ்!

தாத்தா செஸ்

எங்க தாத்தா ஆடுற செஸ் வேற. அவருக்கு ராணி கிடையாது, 'மந்திரி'தான். சிப்பாயை எப்பவும் ஒரு கட்டம்தான் நகர்த்துவார். "ரெண்டு கட்டம் தாவுறதுக்கு அது என்ன தவளையா?"ம்பார். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். இந்தியாவுல பல ஊர்லயும் பழைய ஆட்டம் இப்படித்தான் இருந்துச்சு. மானுவல் ஆரோன் காலத்துலதான் சர்வதேச விதிகள் இங்கே பரவலாச்சு.

இதை அண்ணாகிட்ட ஜோக்கா சொன்னேன். அவர் சிரிக்கலை. "உங்க தாத்தா ஆட்டத்துலேர்ந்து வந்ததுதான் 'இந்தியன் டிஃபன்ஸ்'"னார்.

19-ம் நூற்றாண்டுல கல்கத்தாவுல ஜான் கோக்ரேன்னு ஒரு ஸ்காட்லாந்து வக்கீல். அவர்கூட நிறைய ஆட்டம் ஆடினவர் மகேஷ் சந்திர பானர்ஜி. வெள்ளை நடுவுல சிப்பாயைத் தள்ளி இடம் பிடிச்சா, இவர் போட்டிக்குப் போக மாட்டார். குதிரையை எஃப்6-க்குக் கொண்டு வந்து, ஜி6-ல ஒரே கட்டம் சிப்பாயைத் தள்ளி, அந்த மூலையிலேர்ந்து பிஷப்பை நடுப்பக்கம் குறி பார்க்க வைப்பார். சிப்பாய் ஒரு கட்டம் மட்டுமே போற ஆட்டத்துல பழகின கைக்கு அது இயல்பா வர்ற ஆட்டம். இன்னிக்கு கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன், நிம்ஸோ-இந்தியன்னு உலகம் பூராவும் 'இந்தியன்' பேர்ல ஆடுற ஓப்பனிங்குகளோட பேருக்குப் பின்னால இந்தக் கதை இருக்கு.

பஞ்சாப்ல பிறந்த சுல்தான் கானும் பழைய விதியில ஆடிப் பழகினவர்தான். 1929-ல இங்கிலாந்துக்குப் போனப்ப, ஓப்பனிங் தியரியில அவர் ரொம்ப வீக். இருந்தும் மூணு தடவை பிரிட்டிஷ் சாம்பியன். முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவையே ஜெயிச்சார். அதனால, 'எனக்கு ஓப்பனிங் தெரியாது, நான் செஸ்ஸுக்கே லாயக்கில்ல'னு யாரும் மூலையில உட்கார வேண்டாம்.

எல்டாம்ஸ் ரோடு தாண்டி...

"இன்னொரு இடம் இருக்கு, நடக்கிற தூரம்தான்"னார் அண்ணா. எல்டாம்ஸ் ரோடு வழியா நடந்து தேனாம்பேட்டையில அண்ணா சாலையைத் தொட்டோம். கொஞ்ச தூரத்துல ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டல். உள்ளே போற அளவுக்கு பர்ஸ் இடம் கொடுக்காததால ரோட்டுலேர்ந்தே தரிசனம்!

2013 நவம்பர்ல இங்கேதான் உலக சாம்பியன்ஷிப் நடந்துச்சு. கஸ்தூரி ரங்கன் சாலை வரிசையில நின்ன பையன், அஞ்சு தடவை உலகப் பட்டம் வாங்கிட்டு, அதே ஏரியாவுல தன் பட்டத்தைக் காப்பாத்த உட்கார்ந்தார். எதிரே நார்வேயோட மேக்னஸ் கார்ல்சன், வயசு 22.

ஓப்பனிங் தயாரிப்புல ஆனந்த் சாதாரண ஆள் இல்ல. 2008-ல ஜெர்மனியில கிராம்னிக்கோட மோதினப்போ, வழக்கமா ராஜா சிப்பாயைத் தள்ளுற மனுஷன், திடீர்னு ராணி சிப்பாயைத் தள்ளி எதிராளியைத் திணறடிச்சார். பட்டம் அவருக்குத்தான். அதேபோல அடியும் வாங்கியிருக்கார். 1995-ல நியூயார்க் வேர்ல்டு டிரேட் சென்டர்ல காஸ்பரோவோட மோதல். ஒரே ஸ்பானிஷ் ஆட்டத்தை ஆறாவது கேம்ல ஆடினாங்க, டிரா. பத்தாவது கேம்லயும் அதே பாதை. ஆனா இந்தத் தடவை காஸ்பரோவ் வீட்டுலயே தயார் பண்ணின ஒரு புது மூவை இறக்கி, யானையையே விட்டுக்கொடுத்து ஜெயிச்சார்.

"அப்ப மனப்பாடம் தேவைதானேண்ணா?"

"தேவைதான். ஆனா அவங்க மனப்பாடம் பண்றது புரிஞ்சதுக்கு அப்புறம். நீ புரியறதுக்குப் பதிலா பண்றே."

சென்னையில கார்ல்சன் என்ன பண்ணினார்? ஓப்பனிங்ல பெரிய யுத்தத்துக்கே வரலை. 'சண்டை இல்லாம உட்காரக்கூடிய ஒரு நிலைமை கிடைச்சாப் போதும், அப்புறம் பார்த்துக்கறேன்'னு ஆடினார். நாலு, ஆறு, எட்டாவது கேம்கள்ல பலகையில வந்தது நான் உருப்போட்ட அதே மூணு மூவ்: இ4, குதிரை, பிஷப் பி5. கறுப்பு மட்டும் ஏ6 ஆடாம, குதிரையை எஃப்6-க்குக் கொண்டு வந்துச்சு. அதுக்குப் பேரு 'பெர்லின்'. 2000-ல லண்டன்ல கிராம்னிக் இதை வெச்சுத்தான் காஸ்பரோவைக் கட்டிப்போட்டு பட்டத்தைப் பறிச்சார்.

கார்ல்சன் ஜெயிச்ச அஞ்சாவது, ஆறாவது ஆட்டங்கள் ஓப்பனிங்ல முடியலை. மணிக்கணக்கா நீண்டு, காய்கள் குறைஞ்ச கடைசிக் கட்டத்துலதான் முடிஞ்சுது. ஒன்பதாவது கேம்ல நிம்ஸோ-இந்தியன். ஆனந்த் ராஜாவை நோக்கிப் பெரிய தாக்குதல் தொடுத்தார். 28-வது மூவ்ல ஒரே ஒரு தப்பு, எல்லாம் முடிஞ்சுது. நவம்பர் 22, பத்தாவது கேம் டிரா. 6½ - 3½. பட்டம் கைமாறிடுச்சு.

அந்தப் பத்தாவது கேம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு அண்ணா ரோட்டோர மதில்மேல போர்டை வெச்சுக் காட்டினார். கார்ல்சன் இ4. ஆனந்த் சி5. சிசிலியன்! வெள்ளைக் குதிரை எஃப்3. கறுப்பு டி6-ல ஒரு சிப்பாய். வெள்ளை பிஷப் பி5, ராஜாவுக்குச் செக். கறுப்புக் குதிரை டி7-க்கு வந்து தடுக்குது. ரெண்டு மூவ் தள்ளி கறுப்பு ஏ6 ஆடி பிஷப்பை விரட்டுது.

"இப்ப கார்ல்சன் என்ன பண்ணினார்?"

நான் மெதுவா பிஷப்பை எடுத்தேன். ஏ4-க்கு இழுக்கலை. குதிரையை வெட்டினேன்.

"அதேதான்"னார் அண்ணா. என் வாழ்க்கையில ஒரு கேள்விக்கு, உருப்போடாம நான் சொன்ன முதல் சரியான பதில் அதுவாத்தான் இருக்கும்.

ஹாஸ்டல்ல ஒரு தால் கிளப்

தால் கிளப்போட எண்பதுகளின் அந்த வரிசை முடிஞ்சுபோன காலம். ஆனா வரிசை நிக்க கட்டடமா முக்கியம்? இப்ப எங்க ஹாஸ்டல்ல, ராத்திரி மெஸ் முடிஞ்சதும் ஒரு போர்டு, மொபைல்ல ஒரு இலவச செஸ் கடிகாரம், ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஜெயிச்சவன் உட்காரலாம், தோத்தவன் எழுந்திரிக்கணும். நாலு பேர் இருந்தாப் போதும். கூட, அண்ணா போட்டுக் கொடுத்த பாடத்திட்டம் இது. நீங்களும் காப்பி அடிச்சுக்கலாம், இதுக்கு ஸ்குவாடு கிடையாது.

வெள்ளைக்கு ஒரே ஒரு ஓப்பனிங் எடுத்துக்குங்க. ஆரம்பத்துல இத்தாலியன் போதும். இ4, இ5, ரெண்டு குதிரையும் எஃப்3, சி6-க்கு வர, வெள்ளை பிஷப் சி4-க்கு. நாலாவது மூவ்லயே கேஸ்லிங் பண்ணலாம். கறுப்புக்கு ரெண்டு பதில் வேணும். இ4 வந்தா இ5. ராணி சிப்பாய் டி4-க்கு வந்தா டி5. மொத்தம் மூணே சமாச்சாரம். ஒரு செமஸ்டர் முழுக்க இதை மட்டும் ஆடுங்க. வாரத்துக்கு ஒரு ஓப்பனிங் மாத்தினா, எதுலயும் பாஸ் மார்க்கூட வராது.

ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்துல 'ஏன்'னு ஒரு வரி எழுதுங்க. எழுத வரலைன்னா அந்த மூவ் இன்னும் உங்களோடது இல்ல. ஆறேழு மூவுக்கு மேல இப்போதைக்கு வேண்டாம். உங்க ஓப்பனிங்ல பெரிய ஆளுங்க ஆடின ஆட்டம் ரெண்டு, மூணை முழுசா, கடைசி மூவ் வரைக்கும் போர்டுல ஆடிப் பாருங்க. ஓப்பனிங் முடிஞ்சு காய்கள் எங்கே போகுதுன்னு தெரிஞ்சாத்தான், அவை ஏன் வந்துச்சுன்னு புரியும்.

எதிராளி புத்தகத்துல இல்லாத மூவ் ஆடினா, பதறாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு ரெண்டு கேள்வி: 'இந்த மூவ் என்ன மிரட்டுது? போன நிமிஷம் இருந்து இப்ப இல்லாமப் போனது எது?' நான் அன்னிக்கு இதைக் கேட்டிருந்தா, சி5-ல நின்ன அந்தச் சிப்பாய் கண்ணுல பட்டிருக்கும்.

தோத்த ஆட்டத்தை எழுதி வைங்க. எந்த மூவ்ல பாதை மாறுச்சுன்னு முதல்ல நீங்களே யோசிங்க. அப்புறம் புத்தகம். அதுக்கும் அப்புறம்தான் கம்ப்யூட்டர். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல, 18 வயசுல உலக சாம்பியன் ஆன நம்ம சென்னைப் பையன் குகேஷ், ஆரம்ப வருஷங்கள்ல பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாகிட்ட கம்ப்யூட்டர் இன்ஜினைத் தொடாமலே பயிற்சி எடுத்தவர். விடை முன்னாலேயே கையில இருந்தா, யோசிக்கிற பழக்கம் வராதுங்கிறதுதான் விஷயம்.

போன மாசம் மறுபடி ஒரு இன்டர்-காலேஜ் போட்டி. எனக்கு வெள்ளை. இ4. எதிரே இருந்த பொண்ணு கொஞ்சமும் யோசிக்காம சி5 ஆடினாங்க. குதிரை, குதிரை, பிஷப் பி5. ஏ6!

என் கை பழக்கதோஷத்துல ஏ4 பக்கம் போக ஆரம்பிச்சுது. நடுவுல நிறுத்தினேன். சி5-ல நின்ன சிப்பாயைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சு ஞாபகம் வந்துச்சு. பிஷப்பால குதிரையை எடுத்தேன்.

அவங்க முகத்துல ஒரு சின்ன ஏமாற்றம். 43 மூவ், டிரா.

ஜெயிக்கலை, ஒப்புக்கறேன். ஆனா ஹாஸ்டலுக்கு வந்ததும் நேரா போர்டு முன்னால போய் நின்னேன். "எப்படிடா ஆச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே ஒருத்தன் எனக்குப் பின்னால வந்து நின்னான். அவனுக்குப் பின்னால இன்னொருத்தன்.

நீங்களும் வாங்க பாஸ். வரிசையில இடம் இருக்கு!